உயிரொளிர்வு: சிங்கப்பூரில் தேடிப் பார்ப்பதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அளப்பது வரை

மழை ஓய்ந்த இரவுகளில், அடுக்குமாடி வட்டாரங்களின் புல்தரை ஓரத்திலும் பூங்காக்களின் இலைச்சருகிலும் ஊர்ந்து திரியும் குவாண்டுலா ஸ்ட்ரையேட்டா என்ற சிறு நத்தை, தலையருகே உள்ள ஓர் உறுப்பிலிருந்து மஞ்சள் கலந்த பச்சை ஒளியை விட்டுவிட்டு உமிழும். அது ஒளிர்வதை முதலில் கண்டறிந்தவர், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இங்குள்ள அரும்பொருளகத்தில் பணியாற்றிய யாட்டா ஹனேடா என்ற விலங்கியல் அறிஞர். அந்த உறுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நிலத்து நத்தைகளில் ஒளிர்வது இது ஒன்றே எனப் பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. அண்மையில்தான் தாய்லாந்தைச் சேர்ந்த சில நத்தைகளும் இந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த வழிகாட்டி, உயிரொளிர்வை அறிவியல் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ள எண்ணும் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களையும், அவர்களுக்குத் துணைநிற்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பலரும் உயிரொளிர்வை இயற்கையின் அழகாகப் பார்த்து வியந்து, அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். ஆய்வாளருக்கு அது ஓர் அளவுகோல். எதை அளக்கும் அளவுகோல் என்ற கேள்விக்கு விடை தெரிந்தவருக்கே அது பயன்படும்.

படி 1: உயிரொளிர்வு எது, எது அன்று எனப் பிரித்தறிதல்

இருட்டில் ஒளிர்வதெல்லாம் உயிரொளிர்வு ஆகாது. உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினை ஒன்று தன் ஆற்றலை வெப்பமாக விடாமல் ஒளியாக வெளியிட்டால் மட்டுமே அது உயிரொளிர்வு. இரவு நடையின்போது புற ஊதா விளக்கை அடித்தால் நீலப்பச்சையாகத் தெரியும் தேள் உயிரொளிர்வு உடையதன்று. அதன் மேல்தோல் வெளியிலிருந்து வாங்கிய ஒளியை வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது, அவ்வளவே. இதற்கு உடனொளிர்வு என்று பெயர். குழந்தைகள் அறையின் கூரையில் ஒட்டும் நட்சத்திரங்கள் பகலில் வாங்கிய ஒளியைத் தேக்கிவைத்து மெல்ல விடுகின்றன, அது நின்றொளிர்வு.

இந்தக் குழப்பம் நம் ஊரில் வர ஒரு தனிக் காரணமும் உண்டு. 1999ஆம் ஆண்டு வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் சியுவான் குழுவினர், ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரத மரபணுவை வரிக்குதிரை மீனுக்குள் செலுத்தி ஒளிரும் மீன்களை உருவாக்கினர். மாசடைந்த நீரில் மட்டும் நிறம் காட்டும் மீனை உருவாக்குவதே அவர்களின் நோக்கம். பின்னர் அந்த மீன் அமெரிக்காவில் வளர்ப்பு மீனாகவே விற்பனைக்கு வந்தது. அது காட்டுவது உடனொளிர்வு. விளக்கை அணைத்து, கண்ணை இருட்டுக்குப் பழக்கிய பிறகும் ஒளிர்கிறதா என்று பார்த்தாலே இவ்விரண்டையும் பிரித்துவிடலாம்.

படி 2: வேதியியலில் எது எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

1880களில் ரஃபாயேல் டுபுவா என்ற பிரெஞ்சு அறிஞர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். ஒளிரும் உயிரின் திசுவைக் குளிர்ந்த நீரில் அரைத்தெடுத்த சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் எடுத்த சாறு ஒளிரவே இல்லை. அணைந்த சாற்றையும் வெந்நீர்ச் சாற்றையும் கலந்தபோது ஒளி மீண்டும் வந்தது. முதல் சாற்றில் எரிபொருள் தீர்ந்து நொதி எஞ்சியிருந்தது. இரண்டாவதில் வெப்பத்தால் நொதி அழிந்து எரிபொருள் எஞ்சியிருந்தது. எரிபொருளுக்கு லூசிஃபெரின் என்றும் நொதிக்கு லூசிஃபெரேஸ் என்றும் அவர் பெயரிட்டார்.

இப்பெயர்கள் ஒரே பொருளைக் குறிப்பவை என்று நினைத்துவிடக் கூடாது. மின்மினியின் லூசிஃபெரினும் கடல் நுண்ணுயிரின் லூசிஃபெரினும் வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவற்றவை. ஒளிரும் திறன் பரிணாமத்தில் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. மின்மினிக்கு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ், ஆக்சிஜன், மெக்னீசியம், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஆகிய ஐந்தும் வேண்டும். ஒளிரும் பாக்டீரியாவுக்கு ஏடிபி நேரடியாக வேண்டாம். நீண்ட சங்கிலி ஆல்டிஹைடும் ஒடுக்கப்பட்ட ஃபிளேவினும் ஆக்சிஜனும் வேண்டும். ஏக்வோரியா ஜெல்லிமீனின் ஏக்வோரின் புரதமோ ஆக்சிஜனை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, கால்சியம் வந்து தொடும் கணத்திற்காகக் காத்திருக்கிறது.

இங்கேதான் இந்த வழிகாட்டியின் மையக் கருத்து இருக்கிறது. இட்லிக்கு மாவரைக்கும்போது உளுந்து குறைந்துவிட்டால், வீட்டில் அரிசி மூட்டையாகக் கிடந்தாலும் பயனில்லை. எத்தனை பேருக்கு இட்லி என்பதை உளுந்துதான் முடிவுசெய்யும். ஒளிவினையிலும் அப்படியே. மற்ற எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்து ஒன்றை மட்டும் பற்றாக்குறையாக விட்டால், வரும் ஒளி அந்த ஒன்றின் அளவையே காட்டும். உயிரொளிர்வைப் பயன்படுத்தும் ஆய்வு முறைகளில் பெரும்பாலானவை, எதைப் பற்றாக்குறையாக விடுவது என்ற முடிவிலேயே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

படி 3: சிங்கப்பூரில் நேரில் பார்த்தல்

மின்மினிக்கு அலையாத்திக் காடுகள் நல்ல இடம். பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்தி ஓரத்திலும் புலாவ் உபினிலும் டெராப்டிக்ஸ் இன மின்மினிகளைக் காணலாம். இவற்றின் நெருங்கிய உறவினமே மலேசியாவில் கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூட்டங்கூட்டமாக ஒரே தாளத்தில் மினுக்குவது. பாலம் கடந்து போக முடிந்தவர்கள் ஜொகூரின் கோத்தா திங்கியிலும் படகில் சென்று பார்க்கலாம்.

நமக்கே உரிய மின்மினியும் உண்டு. நீ சூன் நன்னீர்ச் சதுப்புக் காட்டில் 2009இல் கண்டெடுக்கப்பட்டு, 2021இல் லூசியோலா சிங்கப்பூரா எனப் பெயரிடப்பட்ட இனம் அது. 1909க்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட முதல் ஒளிரும் மின்மினி அதுவே. அதைத் தேடிக் காட்டுக்குள் புறப்பட்டுவிடாதீர்கள். அது பொதுமக்கள் உலவும் இடமன்று. இயற்கை வனப்பகுதிகள் பொதுவாக இரவு 7 மணிக்கு மூடப்படுகின்றன என்பதையும், பூங்காக்களிலிருந்தோ வனப்பகுதிகளிலிருந்தோ எந்த உயிரையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எடுத்துவரக் கூடாது என்பதையும் திட்டம் தீட்டும்போதே கணக்கில் கொள்ளவேண்டும்.

கடலில் ஒளிர்வது பெரும்பாலும் நாக்டிலூக்கா போன்ற ஒற்றை உயிரணு மிதவைகள். அலை உடையும் இடத்தில் நீல ஒளி சிதறுவதற்குக் காரணம், உயிரணுச் சவ்வு அசைக்கப்பட்டதும் உள்ளேயிருக்கும் சிறு மணிகளில் அமிலத்தன்மை கூடி ஒளிவினை தொடங்குவதே. இக்கூட்டம் மிகுந்துள்ள நீரில் அம்மோனியா கூடியிருக்கக்கூடும், ஆக்சிஜனும் குறையக்கூடும். ஆகவே கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைப் பார்க்கப் போனாலும், கைப்பேசித் திரையையும் வெள்ளை விளக்கையும் அணைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். வழி தெரிய விளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு ஒளி போதும். மினுக்கியே துணை தேடும் மின்மினிக்கு, படமெடுப்பவரின் வெள்ளை விளக்கு பெரிய இடையூறு. நத்தையைத் தேடுவோர், ஒளிர்வது பெரும்பாலும் இளம் நத்தைகளே என்பதை நினைவில் கொள்க. இனப்பெருக்கப் பருவம் அடைந்ததும் ஒளி குன்றிவிடும்.

படி 4: ஒளிரும் பாசியை வளர்த்தல்

இயற்கையிலிருந்து எடுக்காமல் ஆய்வு செய்ய ஏற்றது பைரோசிஸ்டிஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்ற கடல் நுண்பாசி. இதன் வளர்ப்பை உயிரியல் பொருள் விற்போரிடமிருந்து பள்ளியின் வழியாகப் பெறுவதே முறை. தெளிந்த கண்ணாடிக் குடுவையில், பாதிக்குமேல் நிரப்பாமல், இறுக மூடாமல் வைக்கவேண்டும். ஏறத்தாழ 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு உகந்தது. நம் வீடுகளின் இயல்பான 29, 30 டிகிரியில் இது சில நாட்களில் சோர்ந்து அடியில் படிந்துவிடும். ஆகவே குளிர்சாதனம் நாள் முழுதும் இயங்கும் ஆய்வறையே பொருத்தம். நேர்வெயில் வேண்டாம், வெண்குழல் விளக்கொன்றை நேரக்கருவியில் பொருத்தி 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள் என்று கொடுங்கள்.

விளக்கு பகலில் எரிந்தால் பாசி இரவில்தான் ஒளிரும், மாணவர்களோ இரவில் பள்ளியில் இருக்கமாட்டார்கள். விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் இருட்டில் வைத்தால், சில நாட்களில் பாசி தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டு பிற்பகல் வகுப்பில் ஒளிரும். கடிகாரத்தை மாற்றியபின், குடுவையைத் தொடர் இருட்டிலேயே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தனித்தனி மாதிரிகளை மெல்ல அசைத்து ஒளியைப் பதிவு செய்தால், வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் இல்லாமலே ஒளிர்வு ஏறி இறங்குவதைக் காணலாம். உடல் கடிகாரம் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் சில, இதற்கு நெருங்கிய நுண்பாசியில் ஹேஸ்டிங்ஸும் ஸ்வீனியும் 1950களில் செய்தவை. ஒருமுறை அசைத்த மாதிரியை அன்றே மறுபடி பயன்படுத்தாதீர்கள். தீர்ந்த எரிபொருள் திரும்பச் சேர அதற்கு நேரம் வேண்டும்.

படி 5: எதைப் பற்றாக்குறையாக விடுவது என முடிவுசெய்தல்

ஏடிபியைப் பற்றாக்குறையாக விட்டால் கிடைப்பது தூய்மைச் சோதனை. ஒளி அணைந்த மின்மினிச் சாற்றில் ஏடிபியைச் சேர்த்தால் ஒளி திரும்புகிறது என்று வில்லியம் மெக்எல்ராய் 1947இல் காட்டினார். உணவுத் தொழிற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் மேற்பரப்பைத் துடைத்தெடுத்துக் கையடக்கக் கருவியில் செருகும் பஞ்சுக்குச்சிச் சோதனை இதிலிருந்து வந்ததே. குச்சியின் அடிக்குழாயில் லூசிஃபெரினும் லூசிஃபெரேஸும் நிறைய இருக்கின்றன. இல்லாதது ஏடிபி மட்டும். அதைத் துடைத்த மேற்பரப்பு கொடுக்கிறது.

சோதனை எளிது, விளக்கம் எளிதன்று. உணவங்காடிச் சமையலறை ஒன்றில் தக்காளியும் வெங்காயமும் நறுக்கிய பலகையைத் துடைத்தால், கருவி காட்டும் ஒளியின் எண் எகிறும். அதில் பெரும்பகுதி காய்கறியின் ஏடிபியே, கிருமியினுடையதன்று. அதே கடையில் நெய்ப் பிசுக்கு படிந்த தோசைக்கல்லின் ஓரத்தைத் துடைத்தால் எண் தாழ்வாகவே இருக்கலாம், ஏனெனில் கொழுப்பில் ஏடிபி மிகக் குறைவு. நச்சுயிரிகளுக்குச் சொந்த ஏடிபி கிடையாது. அவற்றை இச்சோதனை காட்டவே காட்டாது. வெளுப்பான் எஞ்சியிருக்கும் மேசையில் நொதியே கெட்டுப் பொய்யாக நல்ல எண் வரும். என் கருத்தில், பள்ளித் திட்டப்பணிகளில் மிகுதியாகத் தவறாக விளக்கப்படும் சோதனை இதுவே. கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தை ஒப்பிடுங்கள். ‘இங்கே இத்தனை கிருமிகள்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

கால்சியத்தை விட்டால் கிடைப்பது நரம்பும் தசையும் பேசும் குறிப்பு. 1961இல் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில் ஓசாமு ஷிமோமுரா ஜெல்லிமீன் சாற்றை அமிலப்படுத்தி ஒளியை அடக்கி வைத்திருந்தார். வேலை முடிந்து அதைக் கழுவுதொட்டியில் கொட்டியபோது, மீன்தொட்டியிலிருந்து அங்கு வழிந்துகொண்டிருந்த கடல்நீர் பட்டதும் தொட்டி முழுதும் பளீரென ஒளிர்ந்தது. கடல்நீரில் உள்ள கால்சியமே தூண்டுகோல் என்று அவர் உணர்ந்தார். அப்படிப் பிரித்தெடுத்த ஏக்வோரினை ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் 1967இல் கொட்டலசு என்ற கடலுயிரின் தசை நாருக்குள் செலுத்தி, சுருங்கும் தசையில் கால்சியம் எழுந்து தணிவதை ஒளியாகவே பதிவு செய்தனர். ஏக்வோரினுடன் துணையாகக் கிடைத்த பச்சை ஒளிர்புரதம் 2008இல் ஷிமோமுராவுக்கும் சால்ஃபிக்கும் ட்சியேனுக்கும் வேதியியல் நோபெல் பரிசைத் தேடித்தந்தது. ஏக்வோரின் ஒருமுறை மட்டுமே எரியும் மத்தாப்பு. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே ஒருமுறைதான் ஒளிரும் என்பதால், நெடுநேரப் பதிவுகளில் மீதமிருக்கும் புரதத்தின் அளவையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

உயிரணுவின் நலத்தையே விட்டால் கிடைப்பது நீரின் நச்சுத்தன்மை. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் பாக்டீரியாவை மாதிரி நீரில் விட்டு 5, 15, 30 நிமிடங்களில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது ஐஎஸ்ஓ 11348 என்ற உலகத் தரமுறையாகவே உள்ளது. கடல்வாழ் பாக்டீரியா என்பதால் மாதிரியில் 2 விழுக்காடு உப்பும், சுமார் 15 டிகிரி வெப்பநிலையும் தேவை. எந்த நச்சு என்று இது சொல்லாது.

படி 6: மரபணு இயங்குவதை ஒளியால் அறிதல்

நொதியையே பற்றாக்குறையாக விடும் முறை இது. உயிர்மருத்துவ ஆய்வில் இன்று மிகப் பரவலாக வழங்குவதும் இதுதான். மின்மினி லூசிஃபெரேஸின் மரபணு 1985இல் பிரித்தெடுக்கப்பட்டு, மறு ஆண்டே ஒளிரும் புகையிலைச் செடி உருவானது. எந்த மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை ஆராய விரும்புகிறோமோ அதற்குப் பின்னால் லூசிஃபெரேஸ் மரபணுவை ஒட்டி உயிரணுவுக்குள் செலுத்தவேண்டும். அந்தப் பகுதி விழித்துக்கொண்டால் நொதி உருவாகும். வெளியிலிருந்து லூசிஃபெரினைக் கொடுத்ததும் நொதியின் அளவுக்கேற்ப ஒளி வரும். பாலூட்டிகளின் உயிரணுக்களில் இயல்பாக இத்தகைய நொதி இல்லாததால் பின்னணி ஒளி ஏறக்குறைய சுழியம். வெளியொளி பாய்ச்சவேண்டிய உடனொளிர்வு முறைகளுக்கு இந்த வசதி இல்லை.

செய்முறை இவ்வாறு அமையும். உயிரணுக்களை 96 குழித் தட்டில் வளர்க்கவேண்டும். தட்டு வெண்ணிறமாக இருக்கட்டும். அது ஒளியைத் திருப்பி உணரிக்கு அனுப்பும். மின்மினி நொதியுள்ள டிஎன்ஏவுடன், எப்போதும் ஒரே சீராக இயங்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பின்னால் ரெனில்லா என்ற கடல் பேனாவின் நொதியைக் கொண்ட இரண்டாவது டிஎன்ஏவையும் செலுத்தவேண்டும். ஒன்று முதல் இரண்டு நாள் கழித்து உயிரணுக்களை உடைத்து, முதலில் மின்மினி எரிபொருளைச் சேர்த்து அளந்து, பிறகு அந்த ஒளியை அணைத்து ரெனில்லா எரிபொருளைச் சேர்க்கும் கரைசலை ஊற்றி அளக்கவேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், ஒரு குழியில் உயிரணு கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்ததால் வந்த வேறுபாடு நீங்கிவிடும்.

கரைசல்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தாமல், அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நொதியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. தட்டின் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையே நேரம் ஓடிவிட்டால், ஒளி மங்குவது மரபணு அடங்குவதைப் போலத் தோன்றும். மிக ஒளிரும் குழியின் கசிவு பக்கத்துக் குழியிலும் விழும், ஆகவே வெற்றுக் குழிகளை அதற்கு அருகில் வைக்காதீர்கள். மருந்துப் பொருட்களைச் சோதிக்கும்போது, அந்த மருந்தே லூசிஃபெரேஸைத் தடுக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். நொதியைப் பற்றித் தடுக்கும் சில பொருட்கள் அதைச் சிதையாமலும் காப்பதால், உயிரணுவில் நொதி சேர்ந்து ஒளி கூடி, மரபணு விழித்ததைப் போல ஏமாற்றும். பிடிசி124 என்ற மருந்தின் தொடக்க ஆய்வுகள் குறித்து இதே ஐயம் 2009இல் எழுந்தது.

ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியைத் திருத்தி 2012இல் வெளியான நானோலக், மின்மினி நொதியைவிட ஏறத்தாழ 150 மடங்கு பிரகாசமானது, அளவிலும் சிறியது. புதிதாகத் தொடங்குவோர் அதைத் தேர்ந்தெடுக்கத் தூண்டப்படலாம். ஆனால், மிகு பிரகாசம் உணரியை நிறைத்துவிடும். வலுவான கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பழைய மின்மினி நொதியே போதும் என்பது என் பரிந்துரை.

படி 7: உயிருள்ள உடலுக்குள் பார்த்தல்

கிருஸ்டஃபர் கான்டாக் குழுவினர் 1995இல் ஒளிரும் பாக்டீரியாவை எலிக்குள் செலுத்தி, தொற்று எங்கே பரவுகிறது என்பதை எலியைக் கொல்லாமலே வெளியிலிருந்து படமெடுத்தனர். புற்றுநோய் ஆய்வில் இன்று இது வழக்கமான முறை. லூசிஃபெரேஸ் உள்ள புற்றணுக்களைக் கொண்ட எலிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் லூசிஃபெரினை ஊசிவழி கொடுத்து, மயக்கத்தில் வைத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து இருட்டுப் பெட்டியில் படமெடுப்பர். இரத்தச் சிவப்பணுக்கள் 600 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை விழுங்கிவிடும். மின்மினி ஒளி உடல் வெப்பத்தில் சிவப்புப் பக்கம் நகர்வது இங்கே ஆய்வாளருக்கு உதவுகிறது. திசு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒளியை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்பதால், ஆழத்தில் உள்ள பெரிய கட்டியும் தோலடியில் உள்ள சிறு கட்டியும் ஒரே அளவு ஒளியைத் தரக்கூடும். ஒரே எலியை நாள்தோறும் அதனோடே ஒப்பிடுவது நம்பகமானது. இரண்டு எலிகளின் வெவ்வேறு உறுப்புகளை ஒப்பிடுவது அவ்வாறன்று. இது பள்ளி மாணவர் செய்யும் பணியன்று. நிறுவனத்தின் விலங்கு நலக் குழு ஒப்புதலும் பயிற்சி பெற்றோரும் கட்டாயம்.

படி 8: எண்களைப் பதிவு செய்தல்

ஒளிமானி காட்டும் எண் சார்பு ஒளி அலகில் இருக்கும். பெயரே சொல்வதுபோல் அது அந்தக் கருவிக்குள் மட்டுமே பொருள் உள்ளது. உங்கள் கல்லூரிக் கருவியின் 5,000, மற்றொரு கருவியின் 5,000 ஆகாது. ஆகவே அறிக்கையில் கருவியின் வகை, ஒளியைச் சேகரித்த நொடிகள், அறையின் வெப்பம், எரிபொருள் சேர்த்தபின் காத்திருந்த நேரம், நொதி இல்லாத வெற்றுக் குழியின் எண் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். ஏடிபி ஆய்வென்றால், அளவு தெரிந்த ஏடிபியைப் பத்து பத்து மடங்காக நீர்த்து ஒரு தரக்கோடு வரைந்து, உங்கள் மாதிரி அந்தக் கோட்டின் நேர்பகுதிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே போன மாதிரியை நீர்த்து மறுபடி அளக்கவேண்டும், கீழே போனதை ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று எழுதவேண்டும், சுழியம் என்று எழுதக் கூடாது.